இடம் மாறினால் விலை ஏறுமா?

கல்லூரி ஆட்டக்காரர்களும், கோடி ரூபாய் ஏலமும்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டைப் பார்த்தவர்களுக்கு, ஏலம் என்றால் என்ன என்று சொல்லத் தேவை இல்லை.

தக்காளிப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். முருங்கைக்காய் கட்டுக் கட்டாகக் கிடக்கும். வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள். மண்டிக்காரர் விலையைக் கூவுவார். ஒருவர் ஒரு விலை கேட்பார். இன்னொருவர் கூட்டிக் கேட்பார். பேரம் முடிந்ததும் சரக்கு லாரியில் ஏறும். பெரும் பகுதி கேரளத்துக்குப் போகும்.

காய்கறியை ஏலம் விடுகிறார்கள். சரி. மனிதரை ஏலம் விடுவார்களா?

விடுகிறார்கள்! ஆண்டுதோறும் விடுகிறார்கள். பெரிய பெரிய ஓட்டல்களில், டெலிவிஷன் காமிரா முன்னால், சுத்தியல் தட்டி விடுகிறார்கள். கிரிக்கெட் ஆட்டக்காரருக்கு ஏலம். சடுகுடு ஆட்டக்காரருக்கு ஏலம். லட்சத்தில் தொடங்கிக் கோடியில் முடிகிறது.

இது யாருக்கோ நடக்கும் சங்கதி என்று இருந்துவிட முடியாது. திண்டுக்கல் மாவட்டத்திலேயே, நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் தமிழ்நாடு பிரிமியர் லீக் ஆட்டங்கள் நடக்கின்றன. திண்டுக்கல் பெயரிலேயே ஓர் அணி இருக்கிறது. பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரும் பையன்கள், வீட்டுக்கு வந்ததும் ஒரு கேள்வி கேட்கிறார்கள்.

"நான் எந்த இடத்தில் ஆடினால் நிறையப் பணம் வரும்?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில்?

வீட்டில் ஒரு வழக்கு

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தகப்பனார் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். தாய் தோட்ட வேலைக்குப் போகிறார். மகன் கல்லூரியில் படிக்கிறான். சடுகுடு நன்றாக ஆடுவான். அதனாலேயே கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆஸ்டல் சாப்பாடும் இலவசம்.

அவன் பாடிப் போகிறவன். எதிர்க் கட்சிக்குள் புகுந்து தொட்டுவிட்டு வருகிறவன். கூட்டம் கை தட்டுவது அவனுக்குத்தான்.

ஒரு நாள் பி.டி. மாஸ்டர் கூப்பிடுகிறார். "தம்பி, இனிமேல் நீ பாடிப் போக வேண்டாம். ஓரத்தில் நின்று பிடி. உன் கைக்கு அதுதான் பொருத்தம்" என்கிறார்.

பையன் வாடிய முகத்தோடு வீட்டுக்கு வருகிறான்.

"ஏண்டா, பாடிப் போகிறவனுக்குத்தானே கோடி கொடுக்கிறார்கள்? பிடிக்கிறவனுக்கு யார் கொடுப்பார்கள்? முடியாது என்று சொல்லிவிடு" என்கிறார் தகப்பனார்.

"கோடியும் வேண்டாம், லட்சமும் வேண்டாம். கை கால் ஒடியாமல் படித்து முடிக்கட்டும்" என்கிறார் தாய்.

மூன்று பேர். மூன்று அபிப்பிராயம். மூன்றிலும் நியாயம் இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

தீர்ப்புச் சொல்வதற்கு முன், நிஜமாக நடந்த ஒரு கதையைப் பார்க்கலாம்.

மூன்று முறை மாறியவர்

வருண் சக்கரவர்த்தி. இந்தப் பெயரைத் தெரியாத வாலிபர்கள் இன்று குறைவு.

அவர் 1991-ல் பிறந்தவர். பள்ளிக்கூட நாட்களில் அவர் பந்து வீச்சாளர் அல்ல! விக்கெட் கீப்பர். மட்டையும் பிடிப்பார். 17 வயது வரையில் அப்படித்தான் ஆடினார். சிறுவர் அணித் தேர்வுகளுக்குப் போனார். எடுக்கவில்லை. மறுபடியும் போனார். மறுபடியும் எடுக்கவில்லை.

அவர் என்ன செய்தார்? ஆட்டத்தை விட்டார். படிக்கப் போனார். சென்னை எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படித்தார். அது 5 ஆண்டுப் படிப்பு. முடித்தார். கட்டடங்களுக்கு வரைபடம் போடும் தொழிலைச் செய்தார்.

ஆனால் ஆசை விடவில்லை. டென்னிஸ் பந்தில் நண்பர்களோடு ஆடினார். பிறகு ஒரு கிளப்பில் சேர்ந்தார். இந்த முறை வேகப் பந்து வீசினார். விக்கெட் கீப்பர், வேகப் பந்து வீச்சாளர் ஆனார்! இது முதல் மாற்றம்.

முழங்காலில் அடிபட்டது. வேகப் பந்து வீச முடியவில்லை. அப்போது வேறு யாராவது இருந்தால், "போதும் இந்த ஆட்டம்" என்று வரைபடப் பலகைக்குத் திரும்பி இருப்பார்கள். வருண் சுழல் பந்துக்கு மாறினார். இது இரண்டாம் மாற்றம்.

சும்மா மாறவில்லை. டென்னிஸ் பந்தில் விரலை மடக்கியும் நீட்டியும் செய்து பார்த்த வேடிக்கைகள் எல்லாம் இப்போது உதவின. ஒரே மாதிரி கை சுற்றும். பந்து மட்டும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் திரும்பும்! எந்தப் பந்து எப்படி வரும் என்று மட்டை பிடித்தவருக்குத் தெரியாது.

2017-18-ல் சென்னை லீக்கில் ஆடினார். முதல் டிவிஷன் அல்ல. நாலாவது டிவிஷன்! பத்திரிகையில் ஒரு வரி கூட வராத இடம். 7 ஆட்டத்தில் 31 விக்கெட் சாய்த்தார். 2018-ல் தமிழ்நாடு பிரிமியர் லீக்கில் மதுரை அணிக்கு ஆடினார். அந்த ஆண்டு மதுரைதான் கோப்பையை வென்றது.

20 லட்சம், 8 கோடியே 40 லட்சம்

2018 டிசம்பர் 18. ஜெய்ப்பூரில் ஐ.பி.எல். ஏலம். வருண் பெயர் வந்தது. தொடக்க விலை 20 லட்சம் ரூபாய்.

ஒருவர் கேட்டார். இன்னொருவர் கூட்டினார். மண்டியில் நடப்பது போலவே நடந்தது. முடிவில் பஞ்சாப் அணி எடுத்தது. விலை 8 கோடியே 40 லட்சம் ரூபாய்!

தொடக்க விலையைப் போல 42 மடங்கு. அந்த ஏலத்தில் இதைவிட அதிக விலைக்கு யாரும் போகவில்லை.

"பார்த்தீர்களா! இடம் மாறினார், கோடி கிடைத்தது" என்று இங்கே கதையை முடித்துவிடலாம். பலரும் இங்கேதான் முடிக்கிறார்கள். பையன்களுக்கும் இந்தப் பாதிக் கதைதான் தெரியும்.

மறு பாதியையும் கேட்க வேண்டும்.

2019-ல் முதல் ஆட்டம். கொல்கத்தா மைதானம். வருண் வீசிய முதல் ஓவரில் 25 ஓட்டம் போயிற்று! பிறகு விரலில் காயம். அந்த ஆண்டு முழுவதும் அந்த ஒரே ஆட்டம்தான். பஞ்சாப் அணி அவரை விட்டுவிட்டது. அடுத்த ஏலத்தில் கொல்கத்தா எடுத்தது. விலை 4 கோடி. ஒரே ஆண்டில் பாதிக்கும் கீழே!

2020-ல் நன்றாக வீசினார். 2021-ல் இந்திய அணியில் இடம் கிடைத்தது. உலகக் கோப்பைக்குப் போனார். 3 ஆட்டம் ஆடினார். ஒரு விக்கெட் கூட விழவில்லை. இந்திய அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏறக்குறைய 3 ஆண்டுகள் திரும்பிக் கூப்பிடவில்லை.

அப்போதுதான் மூன்றாவது மாற்றம் நடந்தது. பந்தைச் சுழற்றும் முறையையே மாற்றினார். பக்கவாட்டில் சுழன்ற பந்தை மேலிருந்து கீழாகச் சுழல வைத்தார். கேட்பதற்குச் சின்ன விஷயம். பழகுவதற்கு மாதங்கள் அல்ல, ஆண்டுகள் ஆயின.

2024-ல் கொல்கத்தா அணி ஐ.பி.எல். கோப்பையை வென்றது. வருண் எடுத்த விக்கெட் 21. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய அணிக்குத் திரும்பினார். 2025 மார்ச் 2-ம் தேதி துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக 5 விக்கெட் சாய்த்தார். அந்தச் சாம்பியன்ஸ் கோப்பையை இந்தியா வென்றது. 2025 செப்டம்பரில் 20 ஓவர் ஆட்டப் பந்து வீச்சாளர் வரிசையில் உலகின் முதல் இடத்துக்கு வந்தார்.

8 கோடி, 4 கோடி, பூஜ்யம் விக்கெட், பிறகு முதல் இடம். இதுதான் முழுக் கதை.

தக்காளிப் பாடம்

இந்தக் கதை என்ன சொல்கிறது? ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகளுக்கு இது ஏற்கெனவே தெரிந்த பாடம்தான்.

ஒரு பருவத்தில் தக்காளி விலை ஏறும். உடனே எல்லாரும் தக்காளி நடுவார்கள். மூன்று மாதம் கழித்து எல்லாத் தோட்டத்துத் தக்காளியும் ஒரே நேரத்தில் மார்க்கெட்டுக்கு வரும். விலை விழும். பறிக்கிற கூலி கூடக் கட்டாது. செடியிலேயே விட்டுவிடுவார்கள். ரோட்டில் கொட்டுவதும் உண்டு.

அன்றைக்கு யாருக்குப் பணம்? எல்லாரும் தக்காளி நட்டபோது, தன் மண்ணுக்குத் தக்கபடி முருங்கை வைத்தவருக்கு!

விளையாட்டும் அப்படித்தான். கிரிக்கெட் ஆடும் பையன்களில் பாதிப் பேர் மட்டை பிடிக்கவே ஆசைப்படுகிறார்கள். மட்டை பிடிப்பவர் ஊருக்கு நூறு பேர். ஒரே கையில் ஐந்து விதமாகப் பந்தைத் திருப்புகிறவர் நாட்டிலேயே சிலர்தான். அதனால்தான் வருணுக்கு அந்த விலை.

விலை இடத்துக்கு அல்ல. அருமைக்கு!

"எந்த இடத்துக்குக் கோடி?" என்று கேட்டு மாறுகிறவன், விலையைப் பார்த்துத் தக்காளி நட்டவன். "என் உடம்புக்கும் கைக்கும் எது வரும்?" என்று கேட்டு மாறுகிறவன், மண்ணைப் பார்த்து விதைத்தவன்.

திண்டுக்கல் அணித் தலைவர்

திண்டுக்கல் அணிக்குத் தலைமை தாங்கிய அஸ்வினையே எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் இடம் மாறியவர்தான்.

சிறு வயதில் அவர் தொடக்க ஆட்டக்காரர். மட்டைதான் அவருக்கு முதல். மிதவேகப் பந்தும் வீசினார். பிறகு காயம் பட்டது. சுழல் பந்துக்கு மாறினார். என்ஜினீயரிங் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினார்.

டெஸ்ட் ஆட்டங்களில் அவர் சாய்த்தது 537 விக்கெட். 2024 டிசம்பரில் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

ஆனால் பழைய இடத்தை அவர் மறக்கவில்லை. டெஸ்டில் 6 சதம் அடித்திருக்கிறார். 2024-ல் திண்டுக்கல் அணி முதன் முறையாகத் தமிழ்நாடு பிரிமியர் லீக் கோப்பையை வென்றது. அந்தப் போட்டியின் கடைசிக் கட்டத்தில், சுழல் பந்து வீச்சாளரான அஸ்வின் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார்! கோவைக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அவர் 52 ஓட்டம் எடுத்தார்.

சிறு வயதில் கற்ற வித்தை சும்மா போகாது. இடம் மாறுகிறவன் பழைய வித்தையைத் தூக்கி எறிய வேண்டியது இல்லை. பரண் மேல் பத்திரமாக வைத்திருந்தால் ஒரு நாள் உதவும்.

இப்படி மாறியவர்கள் இன்னும் உண்டு. ரோகித் சர்மா பள்ளிக்கூடத்தில் சுழல் பந்து வீசியவர். பிறகு மட்டைக்காரர் ஆனார். 2013-க்குப் பிறகு ஒரு நாள் ஆட்டங்களில் தொடக்க ஆட்டக்காரராக நிலைத்தார். 2014-ல் ஒரே ஆட்டத்தில் 264 ஓட்டம் குவித்தார். இலங்கையின் ஜெயசூரியா அணிக்குள் வந்தபோது அவருடைய சுழல் பந்துதான் பெரிதாகப் பேசப்பட்டது. பிறகு தொடக்க ஆட்டக்காரர் ஆனார். 1996 உலகக் கோப்பையில் எதிரிகளைக் கலங்க அடித்தார்.

சடுகுடுவில் பிடிப்பவருக்குப் பணம் உண்டா?

மார்க்கெட் தொழிலாளியின் மகனுக்குத் திரும்புவோம். "பிடிக்கிறவனுக்கு யார் கொடுப்பார்கள்?" என்று கேட்டாரே தகப்பனார்? அதற்குப் பதில் இருக்கிறது.

புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கியது. அந்த முதல் ஏலத்தில் மிக அதிக விலை 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். ராகேஷ் குமாருக்கு அது கிடைத்தது. அன்று அதுவே பெரிய தொகை.

4 ஆண்டு கழிந்தது. 2018 ஏலத்தில் விலை 1 கோடியைத் தொட்டது. அந்தக் கோடியைத் தொட்டவர்களில் ஒருவர் ஈரான் நாட்டு பாசல் அத்ராச்சலி. அவர் பாடிப் போகிறவரா? இல்லை! ஓரத்தில் நின்று காலைப் பிடிக்கிறவர்!

2022-ல் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்குத் தமிழ் தலைவாஸ் அணி எடுத்தது. அவர் பாடிப் போகிறவர். அடுத்த ஆண்டு அவர் விலை 2 கோடியே 60 லட்சத்தைத் தாண்டியது. அதே 2023 ஏலத்தில் ஈரானின் முகமது ரேசா சாட்லூய் 2 கோடியே 35 லட்சத்துக்குப் போனார். அவருடைய பெரிய பலம் பிடி. தேவைப்பட்டால் பாடியும் போவார்.

பாடிப் போகிறவருக்கு விலை கூடுதல்தான். அது பொய் அல்ல. ஆனால் களத்தில் நிற்பது ஏழு பேர். ஏழு பேரும் பாடிப் போக ஆசைப்பட்டால், வருகிறவனைப் பிடிப்பது யார்? நல்ல பிடிக்காரன் கிடைக்காமல் அணிகள் தேடுகின்றன. நடுத்தரமாகப் பாடிப் போகிறவனைவிட, முதல் தரமாகப் பிடிக்கிறவனுக்கு மதிப்பு உண்டு.

ஆகவே, பி.டி. மாஸ்டர் சொன்ன சொல்லைத் தகப்பனார் உடனே தள்ளிவிடக் கூடாது.

ஆனால், மாஸ்டர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் கூடாது!

அமெரிக்காவில் என்ன நடக்கிறது?

அமெரிக்காவில் "கால்பந்து" என்று ஓர் ஆட்டம் உண்டு. பெயர்தான் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அங்கே கல்லூரி ஆட்டத்தைப் பார்க்கவே லட்சம் பேர் கூடும் மைதானங்கள் இருக்கின்றன.

முன்பு அந்த மாணவர்களுக்குச் சம்பளம் கிடையாது. படிப்புச் செலவு மட்டும் கல்லூரி கொடுக்கும். 2021 ஜூலை 1 முதல் விதி மாறியது. மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் வாங்கலாம் என்று ஆயிற்று. 2025-ல் இன்னும் ஒரு படி போனார்கள். கல்லூரியே மாணவர்களுக்குப் பணம் கொடுக்கலாம். 2025-26-ல் ஒரு கல்லூரி எல்லா ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்துச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை கொடுக்கலாம்.

இதனால் புதுச் சிக்கல் வந்தது. எல்லா இடத்துக்கும் ஒரே பணம் இல்லை. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவருக்குப் பணம் அதிகம். ஓரத்தில் தடுத்து நிற்பவருக்குக் குறைவு. ஆகவே, "நீ அந்த இடத்தை விட்டு இந்த இடத்துக்குப் போ" என்று பயிற்சியாளர் சொன்னால், அது ஆட்டத்தைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல. மாணவனின் பையில் கை வைக்கும் பேச்சு! பிடிக்காவிட்டால் மாணவன் வேறு கல்லூரிக்குப் போய்விடுகிறான்.

இதிலும் இரண்டு விதமாக வாழ்ந்தவர்கள் உண்டு.

ஜூலியன் எடல்மன் என்பவர் கல்லூரியில் பந்து எறிந்து ஆட்டம் நடத்தியவர். தொழில் முறை ஆட்டத்தில் அந்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. 2009-ல் பந்தைப் பிடிக்கிறவராக மாறினார். 2019-ல் நடந்த பெரிய இறுதி ஆட்டத்தில் அவர்தான் சிறந்த ஆட்டக்காரர்!

டிராவிஸ் ஹண்டர் என்ற மாணவர் மாறவே இல்லை. பந்தைப் பிடிப்பதும் அவரே. எதிரியைத் தடுப்பதும் அவரே. இரண்டு இடத்திலும் ஆடினார். 2024-ல் கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஒருவர் விட்டுக்கொடுத்து வென்றார். ஒருவர் விடாமல் வென்றார். ஆகவே எல்லாருக்கும் பொதுவான ஒரே சட்டம் கிடையாது. அவரவர் உடம்பும் திறமையும்தான் சட்டம்.

எங்கே ஆபத்து?

இந்தியக் கல்லூரிகளில் மாணவர்களுக்கு அப்படிச் சம்பளம் இல்லை. ஆனாலும் பணம் வேறு வழியாக உள்ளே வந்துவிட்டது. கல்லூரி மாணவன் தமிழ்நாடு பிரிமியர் லீக்கில் ஆடலாம். 2023-ல் அங்கும் ஏலம் வந்தது. சாய் சுதர்சன் 21 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்க்குக் கோவை அணிக்குப் போனார். அப்போது ஐ.பி.எல்.-ல் அவருடைய விலை 20 லட்சம்தான்!

பணம் வருவது தவறு அல்ல. வெயிலில் வேர்வை சிந்துகிறவனுக்குக் கூலி வேண்டும். ஏழை வீட்டுப் பையன் ஆட்டத்தால் வீடு கட்டினால் ஊரே சந்தோஷப்பட வேண்டும்.

ஆனால் பணத்தோடு மூன்று ஆபத்துகளும் வருகின்றன.

முதல் ஆபத்து, அவசரம். ஒரு பருவம் சரியாக ஆடவில்லை என்றால் இடத்தை மாற்று, அடுத்த பருவம் மறுபடி மாற்று என்று பையனைப் பந்தாடுவது. வருண் மாறினார் என்றால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆண்டுக் கணக்கில் உழைத்தார்.

இரண்டாவது ஆபத்து, உடம்பு. வளர்கிற வயதில் அளவுக்கு மேல் வேகப் பந்து வீசினால் முதுகெலும்பில் விரிசல் விழும். கால் பலம் இல்லாதவனை ஓரத்தில் நிறுத்திப் பிடிக்கச் சொன்னால் முழங்கால் போகும். கல்லூரிக் கோப்பை ஓர் ஆண்டுக்கு. பையனின் முழங்கால் ஆயுளுக்கு!

மூன்றாவது ஆபத்து, தரகர். "இந்த இடத்துக்கு மாறு, நான் அணியில் சேர்த்துவிடுகிறேன், இவ்வளவு கொடு" என்று யாராவது வந்தால், வாசலோடு அனுப்பிவிட வேண்டும். திறமையைப் பார்த்து எடுக்கிற அணி, தகப்பனாரிடம் பணம் கேட்காது.

மூன்று கேள்விகள்

அப்படியானால் அந்தக் குடும்பம் என்ன செய்ய வேண்டும்? தகப்பனாரும் மகனும் பி.டி. மாஸ்டரைப் போய்ப் பார்க்க வேண்டும். சண்டைக்கு அல்ல. மரியாதையாக மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

"சார், இந்த மாற்றம் பையனுக்காகவா, அணிக்காகவா?"

அணியில் ஓர் ஆள் குறைகிறது என்பதற்காக மட்டும் மாற்றினால், அது அணியின் தேவை. ஓர் ஆட்டத்துக்கு ஒத்துழைக்கலாம். வாழ்க்கையை மாற்றக் கூடாது. "இவன் கையில் பிடி இருக்கிறது, நான் பார்த்தேன்" என்று மாஸ்டர் காரணம் சொன்னால், அது பையனுக்கான மாற்றம். பெற்றோர் கண்ணுக்குப் படாதது, தினமும் களத்தில் பார்க்கிறவர் கண்ணுக்குப் படும்.

"சார், பழகுவதற்கு எத்தனை நாள் கொடுப்பீர்கள்?"

புது இடத்தில் முதல் மாதம் தவறு வரும். அதற்காக வெளியே உட்கார வைத்தால் பையன் இரண்டும் இல்லாதவன் ஆகிவிடுவான். ஒரு பருவமாவது பொறுக்க வேண்டும். பழைய ஆட்டத்தையும் வாரம் ஒரு நாள் ஆட விட வேண்டும்.

"சார், அடிபட்டால் யார் பார்ப்பார்கள்?"

டாக்டர் செலவு யாருடையது? ஆட முடியாமல் போனால் கல்லூரி இடமும் ஆஸ்டல் சாப்பாடும் நிலைக்குமா? இதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் ஒருவராவது இருந்தால், ஒப்பந்தத் தாளை ஒவ்வொரு வரியாகப் படித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். ஏலத் தொகை ஒரு பருவத்துக்கு உரியது. அடுத்த பருவமும் அதே தொகை வரும் என்று கடன் வாங்கி வீடு கட்டத் தொடங்கக் கூடாது.

தாயின் கட்சி

தாய் சொன்னதை மறந்துவிடக் கூடாது. "படித்து முடிக்கட்டும்" என்றார் அல்லவா? மூன்று பேரில் மிகவும் சரியாகப் பேசியவர் அவர்தான்.

வருண் கையில் கட்டடக் கலைப் பட்டம் இருந்தது. அஸ்வின் கையில் என்ஜினீயரிங் பட்டம் இருந்தது. ஆட்டம் கைவிட்டால் சோற்றுக்கு வழி இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் வருண் நாலாவது டிவிஷனில் போய் முதலிலிருந்து தொடங்க முடிந்தது. பட்டம் ஆட்டத்துக்குத் தடை அல்ல. ஆட்டத்துக்கு அதுதான் அஸ்திவாரம்.

ஏலத்துக்குப் போகிறவர் சிலர். ஆட்டத்தால் வாழ்கிறவர் பலர். ரெயில்வே, போலீஸ், பாங்கி என்று விளையாட்டுக்காரர்களுக்கு உத்தியோகம் தரும் இடங்கள் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த உத்தியோகத்துக்கும் பட்டமோ, பள்ளி இறுதிச் சான்றிதழோ வேண்டும். மாதச் சம்பளம் கோடி ஆகாது. ஆனால் விரலில் காயம் பட்டாலும் முதல் தேதி வந்துவிடும்!

கல்லூரிகளுக்கு ஒரு வார்த்தை

கல்லூரிகளும் ஒன்றைச் செய்ய வேண்டும். ஒரு மாணவனை இடம் மாற்றும்போது, அவனையும் பெற்றோரையும் கூப்பிட்டுக் காரணம் சொல்ல வேண்டும். டாக்டரிடம் உடம்பைக் காட்ட வேண்டும். அடிபட்ட பையனைப் படிப்பு முடியும் வரை கைவிடக் கூடாது. இதற்குப் பெரிய செலவு இல்லை. மனசு வேண்டும்.

பெற்றோரும் ஒன்றைச் செய்ய வேண்டும். டெலிவிஷனில் ஏலத்தைப் பார்த்துவிட்டு, அந்த விலையைப் பையன் தலையில் கட்டக் கூடாது.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இன்றும் ஏலம் நடக்கும். நாளையும் நடக்கும். தக்காளிக்குத் தான் எந்தத் தோட்டத்தில் விளைய வேண்டும் என்று தீர்மானிக்கும் சக்தி இல்லை. தன்னை யார் வாங்குகிறார்கள் என்று கேட்கும் சக்தியும் இல்லை.

பையனுக்கு இருக்கிறது. அவனைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.